சின்னத் துரை சொன்ன நீதி

1

நான் டோர்ட்முண்டுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, நானே பாதி மறந்திருந்தேன். குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து மட்டும் அந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. என் செருப்பைப் பற்றிய கடிதம்.

எங்கள் வீட்டார் செருப்பையும் சப்பாத்தையும் கதவுக்கு வெளியே கழற்றி வைக்கிறோமாம். மாடிப்படி என்பது தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய பொது வழியாம். ஆகவே இரண்டு வாரத்துக்குள் மேற்படி காலணிகளை அகற்ற வேண்டுமாம். கூடவே வீட்டு விதிகள் முழுவதையும் மறுபடி ஒரு பிரதி எடுத்து இணைத்திருந்தார்கள், பதினான்கு பக்கம். வெறும் போத்தலைத் தொட்டியில் எத்தனை மணிக்குப் போடலாம், போர்வையை ஜன்னலுக்கு வெளியே உதறலாமா, ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கலாமா, எல்லாம் அதில் இருக்கிறது. ஆணி அடிக்கக் கூடாது. வாரத்தில் ஆறு நாளும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில் நிற்கிறவனுக்கு ஆணி அடிக்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான் என்பதை அந்தப் பதினான்கு பக்கத்தையும் எழுதிய புண்ணியவான் யோசிக்கவில்லை.

இலங்கையில் இருந்து படிக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த நீள வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவனுக்கு வீட்டுக்குள் செருப்போடு போகக் கால் வராது. செருப்பு இஸ்தோப்பில்தான் கிடக்கும், அந்தத் தகரத் தாழ்வாரம் அதற்குத்தான் இருக்கிறது. சப்பாத்தோடு காம்பராவுக்குள் வந்து நின்ற ஒரே ஆள் தோட்டத்து மேனேஜர் துரை. அவரும் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க எப்போதாவது வருவார், அண்ணாந்து பார்ப்பார், போய்விடுவார். கூரை தொடர்ந்து ஒழுகும்.

கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆரணிதான் வாசித்துச் சொன்னாள். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள், முதலாம் வருஷம். வாசித்து முடித்துவிட்டுக் கடிதத்தின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

“அவையள் சொல்லுறது சரிதானே அப்பா. விதியில எழுதிக் கிடக்குது.”

என் மகள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும் அந்தப் பக்கத்தார், நல்லவர்கள், பிள்ளையை நன்றாகத்தான் பேச வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஜெர்மன்காரர்களாகிவிடுவார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். என் பிள்ளை அங்கே போகிற வழியில் வேறொரு ஊர்க்காரியாகவும் ஆகிவிட்டாள். “என்னம்மா சொல்றீங்க” என்று நான் கேட்டால், அப்பா படத்தில் பேசுகிற மாதிரிப் பேசுகிறார் என்று சிரிப்பாள்.

2

அன்றைக்கு மத்தியானமே அக்கா அழைத்தாள்.

அக்காவை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாரியாயி. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், நானும் அவளும் பிறந்த அதே காம்பராவில் இன்றைக்கும் இருக்கிறாள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயசு, அவளுக்குப் பதினேழு. அதற்கு முந்தின வருஷமே அவள் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்திருந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும் முன் எனக்குத் தலை சீவிவிட்டு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. போன வருஷம் மச்சானும் போய்விட்டார். அவள் வேலையிலிருந்து ஓய்ந்து மூன்று வருஷமாகிறது, ஆகவே செக்ரோலில் அந்தக் காம்பராவுக்கென்று இப்போது ஒரு பேரும் இல்லை. செக்ரோல் என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பேர்ப் புத்தகம். அதில் பேர் இருக்கும் வரைக்கும்தான் கூரை. பேர் இல்லாத காம்பராவை எப்போது வேண்டுமானாலும் கம்பெனி கேட்கலாம்.

கேட்டுவிட்டது. மூன்று மாதமாகத் தோட்டத்து ஆபிசிலிருந்து ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அழைத்ததும் துக்கம் சொல்ல இல்லை, சந்தோஷம் சொல்ல.

“தம்பி, காம்பரா எனக்குத்தான்னு ஆயிருச்சுடா.”

“யாரு சொன்னா?”

“சின்ன தொரைதான். இன்னிக்குக் காலைல ஆபிசுக்கு வரச் சொல்லி விட்டாரு. நான் அழுதுட்டேன். அம்பது வருசம் தோட்டத்துக்கு ஒழைச்சேனே, எங்க போவேன்னு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, ‘ஏக்க தமய் நீதிய’ன்னாரு.”

“என்னன்னாரு?”

“அதாண்டா, அதுதான் நீதின்னு. ரெண்டு தரம் சொன்னாரு. நல்ல புள்ள. பேப்பரு குடுத்தாரு, கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபிசைத் திறந்து வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குகிறார்கள் என்றாலே எதற்கென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேப்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

3

சிங்களத்தில் ‘நீதிய’ என்றால் சட்டம். அதுதான் விஷயம்.

அக்காவின் சிங்களம் மீன்காரனோடு பேசுகிற சிங்களம். பஸ் கொண்டக்டரோடு பேசுகிற சிங்களம். அதில் நீதிக்கும் சட்டத்துக்கும் இதுவரை வேலை வரவில்லை. அந்தச் சின்னத் துரை, தோட்டத்து உதவி மேனேஜர், ‘சட்டம் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய’ என்று சொல்லியிருக்கிறார். என் அக்கா அதை ‘நீ சொல்வதுதான் நியாயம்’ என்று கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, கும்பிட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறாள். சின்னத் துரைக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும், வெளியேறச் சொன்னதற்கு ஒருத்தி நன்றி சொல்கிறாளே என்று.

இன்னொன்றும் இருக்கிறது. சிங்களத்தில் நியாயத்துக்கு என்ன சொல் தெரியுமா? ‘யுக்திய’. நம்முடைய தமிழில் யுக்தி என்றால் தந்திரம். ஒரே தீவில், ஒரே சமஸ்கிருதப் பானையிலிருந்து இரண்டு பேரும் அள்ளினோம். அவர்கள் நம்முடைய நீதியை எடுத்துச் சட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள், நாம் தந்திரத்துக்குச் சொல்கிற சொல்லை எடுத்து நியாயத்துக்கு வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு சொல்லையும் பள்ளிக்கூடத்தில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ கையெழுத்து மிச்சமாகியிருக்கும். இரண்டு மொழியும் அரச கரும மொழி என்று சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தப் பேப்பர் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது.

என் சிங்களம் அக்காவுடையதைவிட ஒரு முழம் நீளம். ஹட்டன் கடையில் நாலு வருஷம் சாமான் கட்டிய சிங்களம். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இலக்கம் இன்ன லயத்து, இன்ன காம்பராவில் இருக்கும் நான், என் பேர் செக்ரோலில் இல்லாத காரணத்தால், மூன்று மாதத்துக்குள் அதைத் தோட்டத்திடம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். அடியில் ‘மாரியாயி’ என்று தமிழில், கோடு நடுங்காமல், அழகாக. அந்தக் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான், மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது.

அழைத்துச் சொன்னேன். கொஞ்சம் கத்தியும் விட்டேன். படிக்கத் தெரியாத பேப்பரில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். ஜெர்மனியில் இருந்துகொண்டு கேட்பதற்கு ரொம்பச் சுலபமான கேள்வி அது. நான் இங்கே கையெழுத்துப் போட்ட எந்தப் பேப்பரைப் படித்துவிட்டுப் போட்டேன்?

அக்கா, “அப்ப அவரு நீதின்னு சொன்னது?” என்று கேட்டாள்.

4

ஆரணிக்கு அந்த மாதம் பரீட்சை. சட்டத்தின் வகைகள், சட்டத்தின் மூலங்கள், சமூகத்தில் சட்டம் எப்படித் தோன்றியது என்று ஒரு பாடம். மேசை முழுக்க மஞ்சள் துண்டுக் காகிதம். அத்தையின் கதையைச் சொன்னேன். அவளுக்கு வருத்தம்தான், ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு வருத்தம் வந்தால் அதை ஒரு தலைப்புக்குக் கீழே வைத்தால்தான் ஆறுதல்.

“அது தனியார் சட்டம் அப்பா. அரசாங்கம் செய்தால் பொதுச் சட்டம். இது கொம்பனி எண்டபடியா தனியார்.”

“சுதந்திரம் கெடச்ச சூட்டோட உங்க பூட்டனோட பிரஜாவுரிமையப் புடுங்குனாங்களே, அது?”

“அது பொதுச் சட்டம்.”

“அப்ப நமக்கு ரெண்டுமே கெடச்சிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. சட்டம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கினாள். பாராளுமன்றம் எழுதுவது ஒன்று. நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி உண்டாவது ஒன்று. அப்புறம் பழக்கம். ஒரு கூட்டம் சனம் ஒரே இடத்தில் நீண்ட காலம் வாழ்ந்தால் பழக்கம் வரும், பழக்கம் வழக்கமாகும், இதை மீறக் கூடாது என்று எல்லோரும் மனதார நம்பத் தொடங்கினால் அதுவும் சட்டம்தான், எழுதாத சட்டம். இந்தக் கடைசியை அவளுடைய பேராசிரியர் ஒரு பழைய ஜெர்மன் கிராமத்து உதாரணம் வைத்து விளக்கினாராம், மேய்ச்சல் நிலமோ என்னவோ. அவர் ஒரு வாரம் எங்கள் லயத்தில் வந்து தங்கியிருந்தால் புத்தகமே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் லயத்தில் இருபது காம்பராவுக்கு ஒரு பீலி. மலையிலிருந்து குழாயில் வந்து விழுகிற தண்ணீர். காலையில் பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் இருபது வீடும் பிடித்தாக வேண்டும். குடம் வரிசையில் நிற்கும், ஆள் நிற்க வேண்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சி குடத்தை யாரும் கேட்காமலே முன்னுக்கு நகர்த்துவார்கள். சாவு விழுந்த வீட்டுக் குடம் பதினாறு நாளைக்கு முதலில் நிறையும், அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட அதைத் தொட மாட்டான். ஒருத்தி ஒருதரம் வரிசையை மாற்றினாள். யாரும் திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் குடம் எப்போது வைத்தாலும் கடைசியில் இருந்தது. யார் நகர்த்துகிறார்கள் என்று அவளுக்கு ஒரு மாதம் தெரியவில்லை, எல்லோரும்தான் நகர்த்தினார்கள். பிறகு அவள் ஒருநாள் வாளி கழுவி வைத்து மன்னிப்புக் கேட்டாள், முடிந்தது.

அந்தச் சட்டத்தை எந்தத் துரையும் எழுதவில்லை. துரைமார் போட்ட சட்டம் வேறு மாதிரி. நிறை குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்து எடுத்தவளுக்குப் புத்தகத்தில் பாதிப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், விழும். மனுசியை இரண்டாகப் பிளந்து பாதியைப் பதிகிற சட்டத்தை உலகத்தில் வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. அது எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று எங்கள் அப்பா ஒரு நாள் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் கேட்டுவிட்டார். “சட்டம் பேசுறியா?” என்று கண்டாக்கு பிரம்பை ஆட்டினார். அன்றிலிருந்து அப்பாவுக்கு லயத்தில் சட்டக்காரர் என்று பேர். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பட்டம் அது. எங்கள் பக்கத்தில் சட்டம் பேசுவது என்பது திமிர் பிடித்தவன் செய்கிற காரியம். என் மகள் அதற்குத்தான் பல்கலைக்கழகம் போகிறாள்.

5

சட்டத்துக்கும் எனக்கும் இங்கே நடந்த முதல் சந்திப்பையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறட்டும்.

அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்த அம்மா சென்னைப் பக்கம். எங்கே பிறந்தாய் என்று அதிகாரி கேட்டார். “லயத்துல பொறந்தேங்க” என்றேன். அந்த அம்மாவுக்கு லயம் என்றால் தாளத்தோடு வருகிற லயம்தான் தெரியும். நம்முடைய லயம் ‘லைன்’ என்கிற இங்கிலீஷ் சொல் தேய்ந்து உண்டானது என்று அவருக்கு யார் சொல்வது? மனுதாரர் ஓர் இசைச் சூழலில் பிறந்தவர் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது. வீட்டு இலக்கம் கேட்டார்கள், இல்லை என்றேன். தெரு கேட்டார்கள், இல்லை என்றேன். கடிதம் எப்படி வரும் என்று கேட்டார்கள். தோட்டத்து ஆபிசுக்கு வரும், ஆபிசுக்காரர் மனசு வைத்தால் எங்களுக்கு வரும் என்றேன். வீடு யாருடையது என்று கேட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து நாங்கள்தான் இருக்கிறோம் என்றேன். அது பதில் இல்லை என்றார் அதிகாரி. ஜெர்மன்காரர் என்றாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் நம் துரைமாரைப் போலவே யோசித்தார்.

அக்கா அழைத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை ஆலையில் இடைவேளை விட்டதும் நான் தோட்டத்து ஆபிசுக்கே அழைத்தேன். பெரிய கிளாக்கர் எடுத்தார். தமிழர், எங்கள் அப்பாவையும் தெரிந்தவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறதாம். நான் மகள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அம்பது வருஷப் பழக்கம், எழுதாத சட்டம், மொழி தெரியாதவளிடம் வாங்கிய கையெழுத்து, எல்லாம். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க அங்க இருந்து நல்லா சட்டம் பேசுறீங்க,” என்றார். “ஒங்க அப்பாவும் இப்படித்தான்.”

“அப்ப இது நியாயமாங்க ஐயா?”

“நியாயம்னு நான் எங்க சொன்னேன்? செக்ரோல்ல பேரு இல்ல. பேரு இருக்கவங்க காம்பரா இல்லாம நிக்கிறாங்க. கோர்ட்டுக்குப் போனீங்கன்னா ரெண்டு மூனு வருசம் இழுக்கும். அது வரைக்கும் அக்கா எங்க இருப்பாங்க? நீங்க வந்து பாத்துக்குவீங்களா?”

கடைசியாக ஊருக்குப் போய் ஒன்பது வருஷம். முதலில் விசா பேப்பர் சரியில்லை, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம், பிறகு நோய்த்தொற்று, பிறகு மச்சான் செத்ததற்குக்கூட லீவு கிடைக்கவில்லை. லீவு கேட்டேனா என்று என்னை யாரும் கேட்காததால் நானும் இத்தனை நாள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கிளாக்கரிடம், “ஆலையில லீவு கெடைக்கிறது கஷ்டம் ஐயா, இங்க சட்டம் அப்படி” என்றேன்.

“ஆமாங்க, எல்லா எடத்துலயும் சட்டம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்காவை இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாமா என்றும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரித்தேன். கூடப்பிறந்தவள் குடும்பம் ஆக மாட்டாளாம். மனைவி குடும்பம், சின்னப் பிள்ளை குடும்பம். பத்து வயசுப் பெரியவள், அம்மா செத்த அன்றிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் என்றேன். அதற்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது, மிகக் கடினமான சூழ்நிலை என்று நிரூபிக்க வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்த பெண். நிரூபிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குச் சொந்த நாட்டில் முகவரி இருப்பதற்கான அத்தாட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

6

இதற்கிடையில் லயம் சும்மா இருக்கவில்லை.

அக்காவின் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் செல்வி என்று ஒரு பெண். கொழுந்துக்காரி, முப்பத்தைந்து வயசிருக்கும். புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் மாமியார் வீட்டில் இருக்கிறாள், ஒரே காம்பராவில் பதினோரு பேர். தனிக் காம்பரா கேட்டு ஆபிசுக்கு எழுதிக் கொடுத்து ஆறு வருஷமாகிறது. அக்கா ஒப்படைக்கிற காம்பரா கிடைக்கும் என்றால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டு அக்காவிடம் வந்தாளாம். ஒங்கள வெளிய அனுப்பிட்டு அந்த அடுப்புல நான் எப்படிப் பத்த வைப்பேன் என்று கேட்டாளாம். அடுப்பு எரிகிறவரைக்கும் காம்பரா அவர்களுடையது, எங்கள் லயத்துச் சட்டத்தில் இதுவும் ஒன்று. உயிரோடு இருக்கிறவளுடைய அடுப்பை அணைத்துவிட்டுக் குடி போகிறவளோடு யாரும் நெருப்புக் கொடுத்து வாங்க மாட்டார்கள்.

கோவில் மண்டபத்தில் கூடிப் பேசியிருக்கிறார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்திருக்கிறார். கிளாக்கரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் அப்படிப் பேசிய அதே மனுஷன் வேலை முடிந்ததும் மேலே ஏறி லயத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்கா அதை எனக்குச் சொன்னபோது அவள் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

“கிளாக்கர் ஐயா ஒரு யுக்தி சொன்னாருடா.”

“என்ன யுக்தி?”

“நான் கையெழுத்துப் போட்டது அப்படியே இருக்கட்டும்னாரு. காம்பராவ நான் ஒப்படைச்சுர்றது. ஆபிசு அத செல்விக்குக் குடுக்குறது, அவ பேரு செக்ரோல்ல இருக்குல்ல. அவ குடும்ப விவரம் எழுதிக் குடுக்கணும்ல, அதுல என்னய அவளோட வளத்த அம்மான்னு எழுதுறது. நான் எங்கயும் போக வேண்டியதில்ல. அடுப்பு அங்கயேதான். அவளும் புள்ளைங்களும் உள்ள வந்துருவாங்க.”

“சின்ன தொரை ஒத்துக்கிட்டாரா?”

“பேப்பரு சரியா இருக்குன்னாரு. பேப்பரு சரியா இருந்தா அவருக்கு என்ன.”

நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த ஆரணி என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பொய்யான வாக்குமூலம், அது குற்றவியல் சட்டத்தில் வரும் என்றாள். பிறகு தன் மஞ்சள் காகிதங்களைப் பார்த்தாள், எந்தத் துண்டின் கீழே இதை வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பாராளுமன்றமும் கம்பெனியும் இந்த நாட்டுக் கவுண்டரும் செய்ய முடியாததை ஒரு லயம் ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டது என்று அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். சட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஒன்பது பேராசிரியர்கள் சேர்ந்து எழுதியதைவிட எங்கள் லயத்துக் கொழுந்துக்காரிகளுக்கு அதிகம் தெரியும் என்றேன். அப்பா பரீட்சை நாளைக்கு என்றாள். நான் விடவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி அழைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டதாம். செல்வியின் பேரில் காம்பரா எழுதியாகிவிட்டது, நடுவில் துணி கட்டித் தடுத்திருக்கிறார்கள், செல்வியின் சின்ன மகள் அக்காவோடுதான் தூங்குகிறாளாம். அக்காவின் குரல் மட்டும் எங்கேயோ தயங்கியது. சுற்றிச் சுற்றிப் பேசினாள், ஆலையில் குளிரா, மகள் பரீட்சை எப்படி என்று. பிறகு சொன்னாள்.

“ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. வளத்த அம்மான்னு எழுதுறதுக்கு ஜீஎஸ்கிட்ட ஒரு கடிதம் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க.”

ஜீஎஸ் என்றால் கிராம சேவகர், ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிக் கொடுக்கிற அரசாங்க ஆள்.

“என்ன கடிதம்?”

“என்னயப் பாத்துக்குற மாதிரி ரத்த சொந்தம் யாரும் இல்லன்னு. யாராச்சும் இருந்தா, அவங்களத்தான் பாத்துக்கச் சொல்லுவாங்களாம், செல்விகிட்ட எழுத ஏலாதாம். கிளாக்கர் ஐயா ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் சொன்னாரு. அதுனால, கூடப்பொறந்தவங்க யாரும் இல்லன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்.”

நான் ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“பேப்பர்லதான்டா.”

“தெரியுதுக்கா.”

நன்றாகத்தான் செய்திருக்கிறாள். வேறு வழியில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பேன். சட்டத்தை ஏமாற்றுவது என்று வந்துவிட்டால் இந்த மாதிரி ஒரு பொய் பெரிய விஷயமே இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கூடவே கொஞ்சம் கிண்டலாகவும் பேசினேன். ஜீஎஸ் லேசுப்பட்ட ஆளில்லையே, எப்படி நம்பினார், லயத்தில் விசாரிக்கவில்லையா என்று கேட்டேன்.

“விசாரிச்சாரே. மேல கீழ ஆறு காம்பராவுலயும் ஏறி எறங்கினாரு. இந்தம்மாவுக்குச் சொந்தம்னு கடைசியா யாரு வந்து பாத்தாங்க, எப்ப வந்தாங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாரு.”

“எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தியா? ஒரே மாதிரி பொய் சொன்னாங்களா?”

பின்னால் செல்வியின் பிள்ளை எதையோ கேட்டது, இரு வர்றேன் என்று அக்கா அதனிடம் சொன்னாள்.

“அவங்க யாரும் பொய் சொல்லல தம்பி,” என்றாள். “நெசமாவே யோசிச்சுப் பாத்தாங்க. யாருக்கும் ஞாபகம் வரல.”